பதிந்தது நிலைத்ததா?

வங்கியொன்றின் கருமபீடத்தின் முன்னே ஒருவர் நிற்கின்றார். தம்முடைய கணக்கிலிருந்து 5,000 ரூபாவை வெளியூரிற் படிக்கும் மகனுடைய கணக்குக்கு மாற்றுமாறு கேட்கின்றார். இலிகிதர் விசைகளைத் தட்டுகின்றார். ‘பதிந்தாயிற்று’ என்று திரையில் ஒரு வரி தோன்றுகின்றது. அந்தக் கணமே மின்சாரம் நின்றுவிடுகின்றது. விளக்குகள் அணைகின்றன, கணினியும் அணைகின்றது. கால் மணி நேரத்தின் பின் மின்சாரம் மீண்டும் வருகின்றது. கணினி விழித்தெழுகின்றது. இப்பொழுது அந்த 5,000 ரூபா எங்கே இருக்கின்றது?

இக்கேள்விக்கு நான்கு விடைகள் இருத்தல் கூடும். பணம் முறைப்படி ஒரு முறை மாறியிருக்கலாம். மாற்றம் நிகழ்ந்த சுவடே இல்லாமற் போயிருக்கலாம். தந்தையின் கணக்கிற் கழிந்து, மகனுடைய கணக்கிற் சேராமல் நடுவழியில் மறைந்திருக்கலாம். அன்றேல் ஒரு முறைக்கு இரு முறையாக மாறியிருக்கலாம். இந்நான்கினுள் முதலாவது ஒன்றே சரியானது. ஏனெனில், ‘பதிந்தாயிற்று’ என்று கணினி சொல்லிவிட்டது. அச்சொல்லை நம்பியே தந்தை வீடு திரும்புவார். மகன் விடுதிக் கட்டணத்தைச் செலுத்த முற்படுவான். சொன்ன சொல் பொய்க்குமாயின், கணக்கு வைக்கும் கலை முழுவதும் பொய்யாகும்.

தரவுத்தளம் என வழங்கும் பெருங்கணக்குப் பொறிகள், இடையிலே நின்று மீண்டும் எழும்போது, பதிந்தவற்றை இழந்துவிடாமலும் இரட்டிக்காமலும் மீள்கின்றனவா என்பதை எங்ஙனம் பரிசோதித்து அறிவது? இதனை விளங்கிக்கொள்வதற்கு, முதலில் அப்பொறிகள் எழுதும் முறையை அறிதல் வேண்டும்.

கணினியில் எழுதும் இடங்கள் இரு வகையின. ஒன்று நினைவகம், அது மிகுந்த வேகமுடையது, ஆனால் மின்சாரம் நின்றவுடன் அனைத்தையும் மறந்துவிடுவது. மற்றையது வட்டு முதலிய நிலைச் சேமிப்பகம்; அது வேகங் குறைந்தது, ஆனால் மின்சாரமின்றியும் எழுத்தைக் காத்து வைப்பது. ஒவ்வொரு சிறு மாற்றத்தையும் வட்டில் அதற்கு உரிய பக்கத்தைத் தேடிப்பிடித்து உடனுக்குடன் எழுதுவதாயின் வேலை ஓடாது. நினைவகத்தில் மாத்திரம் எழுதி வைப்பதாயின் மின்வெட்டுக்குத் தப்பாது. இவ்விரு இடர்களுக்கும் இடையில் ஒரு வழியைப் பழைய கணக்கப்பிள்ளைமார் முன்னரே கண்டிருந்தனர். அவர்கள் இரண்டு ஏடுகள் வைத்திருந்தார்கள். அன்றாடம் நிகழ்வனவற்றை நிகழ்ந்த வரிசையிலேயே நாட்பதிவேட்டில் எழுதினார்கள். பின்னர் ஓய்வு கிடைத்தபோது அவற்றை ஆளாளுக்கு உரிய பக்கங்களிலே பேரேட்டில் ஏற்றினார்கள். பேரேட்டிற் பிழை நேர்ந்தால் நாட்பதிவேட்டைக் கொண்டு திருத்தினார்கள்.

தரவுத்தளங்கள் செய்வதும் இதுவே. மாற்றம் ஒன்று வந்ததும், பேரேட்டுக்குச் செல்லுமுன், நாட்பதிவேட்டின் இறுதியிலே அதனைப் பற்றிய குறிப்பு எழுதப்படுகின்றது. அக்குறிப்பு வட்டிற் சேர்ந்தது உறுதியான பின்னரே ‘பதிந்தாயிற்று’ என்னும் சொல் வெளியே செல்லலாம். முன்னெழுதும் பதிவேடு என்பது இம்முறையின் பெயர். பேரேட்டுப் பக்கங்கள் நினைவகத்தில் மாறியபடியே கிடந்து, வசதிப்பட்ட வேளையில் வட்டுக்குச் செல்லும். இடையில் மின்சாரம் நின்றாலும் நாட்பதிவேடு இருக்கின்றது. அதை வாசித்துப் பேரேட்டைச் சீர்ப்படுத்திக்கொள்ளலாம்.

இக்கருத்துகள் பெரும்பாலும் 1970ஆம் ஆண்டுகளில் உருப்பெற்றவை. ஐக்கிய அமெரிக்காவின் சன் ஹோசே நகரில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடத்திலே ‘சிஸ்டம் ஆர்’ என்னும் தரவுத்தளம் அக்காலத்தில் உருவாக்கப்பட்டது. அதில் உழைத்தவர்களுள் ஒருவரான ஜிம் கிறே, ஒரு கொடுக்கல் வாங்கல் என்பது முழுமையாக நிகழ்தல் வேண்டும் அல்லது அறவே நிகழாதிருத்தல் வேண்டும் என்னும் கொள்கையைத் தெளிவுபடுத்தியவர்களுள் முதன்மையானவர். 1998ஆம் ஆண்டின் டியூறிங் விருது அவருக்கு வழங்கப்பட்டது. 1983ஆம் ஆண்டில் தியோ ஹெர்டர், அந்திரேயாஸ் றொய்ட்டர் என்னும் ஜெர்மானிய அறிஞர் இருவர், நல்ல தரவுத்தளத்துக்கு வேண்டிய பண்புகளை நான்காக வகுத்துக் கூறினர். பிரிக்க முடியாமை, முரணின்மை, தனித்தியங்கல், நிலைத்திருத்தல் என்பன அவை. முதலாவதும் நான்காவதுமே இங்கு எடுத்துக்கொண்ட பொருளுக்கு உயிராவன.

பின்னர் 1992ஆம் ஆண்டில் ‘ஏரீஸ்’ என்னும் மீட்புமுறை விரிவாக வெளியிடப்பட்டது. அதனை வகுத்தோருள் தலைமையானவர் சி. மோகன். சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற் பயின்று, பின்னர் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆராய்ச்சியாளரானவர் அவர். அவரும் அவருடன் உழைத்தோரும் வகுத்த முறை, பிற்காலத்துத் தரவுத்தளங்கள் பலவற்றுக்கும் வழிகாட்டியாயிற்று.

ஏரீஸ் முறைப்படி, விழித்தெழும் தரவுத்தளம் மூன்று கட்டங்களிலே மீள்கின்றது. முதலாவது, ஆராய்தல்: நாட்பதிவேட்டை வாசித்து, மின்சாரம் நின்ற வேளையில் எவை முடிந்திருந்தன, எவை முடியாதிருந்தன என்று கண்டுகொள்ளுதல். இரண்டாவது, மீளச்செய்தல்: பேரேட்டுக்குச் சென்று சேராத மாற்றங்களையெல்லாம் எழுதிய வரிசைப்படியே மறுபடியும் ஏற்றுதல். மூன்றாவது, நீக்குதல்: உறுதிசெய்யப்படாது அரைகுறையாய் நின்றவற்றைப் பின்னோக்கி அழித்தல்.

இங்கே நுட்பமான ஓர் இடர் உண்டு. ‘மகனுடைய கணக்கில் 5,000 சேர்க்க’ என்று நாட்பதிவேட்டில் எழுதியிருக்கின்றது. அம்மாற்றம் மின்சாரம் நிற்குமுன்பே பேரேட்டுக்குப் போயிருந்தால், மீளச்செய்யும்போது 5,000 மறுபடியும் சேர்ந்துவிடாதா? இதனைத் தடுப்பதற்காகவே ஒவ்வொரு குறிப்புக்கும் ஏறுவரிசையில் ஓர் எண் கொடுக்கப்படுகின்றது. பேரேட்டின் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும், அப்பக்கத்தில் இறுதியாக ஏற்றப்பட்ட குறிப்பின் எண் எழுதப்பட்டிருக்கும். பக்கத்தின் எண் 840, குறிப்பின் எண் 835 என்றால், அக்குறிப்பு முன்னரே ஏறிவிட்டது; விட்டுவிடலாம். குறிப்பின் எண் 845 என்றால், இன்னும் ஏறவில்லை, ஏற்றவேண்டும். இந்த ஒப்பீட்டினாலேயே இழப்பும் இரட்டிப்பும் ஒருங்கே தடுக்கப்படுகின்றன. நீக்கும் வேலை நடைபெறும்போதே மீண்டும் மின்சாரம் நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதற்கும் ஏரீஸ் விடை வைத்திருக்கின்றது. நீக்கிய ஒவ்வொன்றையும் ஒரு குறிப்பாக எழுதிக்கொண்டே போவதால், நீக்கியதை இரண்டாம் முறை நீக்கும் தவறு நேர்வதில்லை.

இத்துணைச் சீராக வகுக்கப்பட்ட முறை இருக்கும்போது பரிசோதனை எதற்கு என்று நேயர்கள் வினவலாம். முறை சரியானதே. ஆயினும், அம்முறை ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கின்றது: நாட்பதிவேட்டின் குறிப்பு வட்டிற் சேர்ந்துவிட்டது என்னும் நம்பிக்கை. அந்த இடத்திலேதான் பல கைகள் குறுக்கிடுகின்றன.

தரவுத்தளம் நேரே வட்டில் எழுதுவதில்லை. கணினியை ஆளும் இயக்குதளத்திடம் கொடுக்கின்றது. இயக்குதளம் தன் நினைவகத்திலே அதனை வைத்துக்கொண்டு, ‘எழுதியாயிற்று’ என்கின்றது. உண்மையில் வட்டுக்கு அனுப்பும்படி வற்புறுத்துவதற்கு ‘எஃப்சிங்க்’ என்னும் தனிக் கட்டளை இருக்கின்றது. அக்கட்டளையை ஏற்று இயக்குதளம் வட்டுக்கு அனுப்பினாலும், வட்டினுள்ளேயும் ஒரு சிறு நினைவகம் உண்டு. அதில் வாங்கி வைத்துக்கொண்டே ‘சேர்ந்தது’ என்று சொல்லும் வட்டுகளும் இருந்திருக்கின்றன. தபாற்காரரிடம் கொடுத்த கடிதம் போய்ச் சேர்ந்தது என்று எண்ணுவதும், அது பையிலேயே கிடப்பதும் போன்றதே இது.

பக்கம் கிழிதல் என்பது மற்றுமோர் இடர். போஸ்ட்கிறெஸ் என்னும் தரவுத்தளம் பேரேட்டை வழக்கமாக 8,192 பைற்று கொண்ட பக்கங்களாக வைத்திருக்கின்றது. வட்டோ 512 அல்லது 4,096 பைற்று கொண்ட துண்டுகளாக எழுதுகின்றது. பாதித் துண்டுகள் எழுதப்பட்ட நிலையில் மின்சாரம் நின்றால், பக்கத்தின் ஒரு பாதி புதிதாகவும் மறு பாதி பழையதாகவும் இருக்கும். அப்போது தலையிலுள்ள எண் அப்பக்கம் முழுவதையும் பற்றி உண்மை சொல்வதாகாது. இதற்காகவே போஸ்ட்கிறெஸ், சோதனைப் புள்ளி ஒவ்வொன்றின் பின்பும் ஒரு பக்கம் முதன்முறை மாறும்போது, அப்பக்கத்தின் முழுப் படியையும் நாட்பதிவேட்டில் எழுதி வைக்கின்றது. மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் இன்னோடிபி பகுதி, பக்கத்தை முதலில் வேறோர் இடத்தில் எழுதிவிட்டு, அதன் பின்னரே உரிய இடத்தில் எழுதுகின்றது.

இத்தகைய நம்பிக்கைகள் எவ்வளவு காலம் ஆராயப்படாமற் கிடக்கக்கூடும் என்பதற்கு 2018ஆம் ஆண்டின் அனுபவம் சான்று. ‘எஃப்சிங்க்’ கட்டளை ஒரு முறை தவறினால், இன்னொரு முறை கொடுத்துப் பார்ப்போம் என்னும் எண்ணத்திலேயே போஸ்ட்கிறெஸ் எழுதப்பட்டிருந்தது. லினக்ஸ் இயக்குதளமோ, தவறிய பக்கங்களையும் ‘எழுதியாயிற்று’ என்று குறித்துக்கொண்டுவிடக்கூடும் என்பது அவ்வாண்டில் வெளிப்பட்டது. ஆகவே இரண்டாம் முறை கட்டளையிட்டால், ‘யாவும் நலம்’ என்னும் விடை வரும். எழுத்தோ வட்டில் இராது. பல்லாண்டுகளாக எவரும் ஐயுறாத இடம் அது. 2019ஆம் ஆண்டு வெளிவந்த திருத்தத்தின்படி, அக்கட்டளை தவறியவுடன் போஸ்ட்கிறெஸ் தானே நின்றுவிடுகின்றது. நின்று, நாட்பதிவேட்டிலிருந்து மீண்டெழுதலே பாதுகாப்பு என்று அதனை உருவாக்குவோர் முடிவு செய்தனர்.

ஆகவே, பரிசோதித்துப் பார்த்தலன்றி வேறு வழியில்லை. அப்பரிசோதனையின் அமைப்பு எளியது. இரண்டு கணினிகள் வேண்டும். ஒன்றில் தரவுத்தளம் இருக்கும், அது வீழ்த்தப்படுவது. மற்றையதிலே சாட்சி இருக்கும்; அது வீழக்கூடாதது. சாட்சி 1, 2, 3 என இலக்கமிட்ட பதிவுகளைத் தொடர்ந்து அனுப்பிக்கொண்டிருக்கும். அனுப்புமுன் ‘அனுப்புகின்றேன்’ என்றும், தரவுத்தளம் ‘பதிந்தாயிற்று’ என்று விடையளித்த பின் ‘விடை வந்தது’ என்றும் தன் ஏட்டில் எழுதிக்கொள்ளும். எதிர்பாராத கணத்திலே தரவுத்தளத்தின் மின்சாரம் துண்டிக்கப்படும். அது மீண்டெழுந்த பின், அதன் பேரேட்டையும் சாட்சியின் ஏட்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும்.

ஒப்பிடும்போது பதிவுகள் மூன்று குவியல்களாகப் பிரியும். முதற் குவியல், விடை வந்தவை. இவை ஒவ்வொன்றும் பேரேட்டில் இருத்தல் வேண்டும். ஒரே ஒரு முறை இருத்தல் வேண்டும். ஒன்று குறைந்தால் இழப்பு. ஒன்று கூடினால் இரட்டிப்பு. இரண்டாவது குவியல், அனுப்பப்பட்டும் விடை வராதவை. இவை இருந்தாலும் குற்றமில்லை, இல்லாவிட்டாலும் குற்றமில்லை. ஆனால் இருந்தால் முழுமையாக ஒரு முறையே இருத்தல் வேண்டும். மூன்றாவது குவியல், அனுப்பப்படாதவை. இவற்றுள் ஒன்றேனும் பேரேட்டிற் காணப்பட்டால், அங்கே பெருங்கேடு நிகழ்ந்திருக்கின்றது.

இரண்டாவது குவியலைப் புதிதாகப் பரிசோதிப்போர் பெரும்பாலும் தவறாகவே கணிக்கின்றனர். விடை வராத பதிவொன்று பேரேட்டில் இருக்கக் கண்டு, ‘தோற்ற வேலை எப்படிப் பதிந்தது?’ என்று குற்றஞ் சாட்டுவர். விடை வராமை தோல்வி அன்று, அறியாமையே. பதிவு நிலைத்த பின், விடை திரும்பும் வழியில் மின்சாரம் நின்றிருக்கலாம். ஒருவர் பின் ஒருவராக ஒரேயொரு வாடிக்கையாளர் எழுதினால் இக்குவியலில் ஒன்றுக்கு மேல் இராது. நூறு பேர் ஒருங்கே எழுதினால் நூறு வரை இருக்கலாம். அதற்கு மேற்பட்டால் சாட்சியின் ஏட்டையே ஐயுறல் வேண்டும்.

இன்னொரு தவறு, கூட்டுத்தொகையை மாத்திரம் நம்புவது. கணக்குகளுக்கிடையே பணத்தை மாற்றி மாற்றி விட்டு, எல்லாக் கணக்குகளின் மொத்தமும் மாறாதிருக்கின்றதா என்று பார்ப்பது வழக்கம். இது நல்ல சோதனையே. அரைகுறையாய் நின்ற மாற்றத்தை இது உடனே காட்டிக்கொடுக்கும். ஆயினும், ஒரு மாற்றம் முழுவதும் தொலைந்துபோனாலும் மொத்தம் மாறாது. ஒரு மாற்றம் இரு முறை நிகழ்ந்தாலும் மொத்தம் மாறாது. தந்தையிடமிருந்து 5,000 கழிந்து மகனிடம் 5,000 சேர்வது எத்தனை முறை நிகழ்ந்தாலும் இருவருடைய பணமும் சேர்ந்து அதே தொகைதான். அவ்வாறே பதிவுகளின் எண்ணிக்கையை மாத்திரம் எண்ணிப் பார்ப்பதும் போதாது. ஒன்று தொலைந்து வேறொன்று இரட்டித்திருந்தால் எண்ணிக்கை சரியாகவே இருக்கும். இழப்பும் இரட்டிப்பும் ஒன்றையொன்று மறைத்துக்கொள்ளும். ஆகவே இலக்கம் இலக்கமாக ஒப்பிடுதலே முறை.

இதனோடு இரண்டு காவல்களைச் சேர்த்துக்கொள்வது நன்று. முதலாவது, ஒவ்வொரு பதிவோடும் அதே கொடுக்கல் வாங்கலினுள் ஓர் எண்ணியை ஒன்றால் உயர்த்துதல். மீட்சியின்போது ‘ஒன்று சேர்க்க’ என்பது இரு முறை ஏற்றப்பட்டிருந்தால், எண்ணியின் பெறுமானம் பதிவுகளின் தொகையை மிஞ்சி நிற்கும். இரண்டாவது, பேரேட்டை இரு வழிகளில் வாசித்தல்: சுட்டியின் வழியே தேடி ஒரு முறை, முதற் பக்கத்திலிருந்து இறுதிப் பக்கம் வரை புரட்டி ஒரு முறை. சுட்டியில் இருந்து பக்கத்தில் இல்லாததும், பக்கத்தில் இருந்து சுட்டியில் இல்லாததும் மீட்சியின் குறைகளே. ஒரு வழியில் மாத்திரம் பார்ப்பவருக்கு அவை தோன்றா.

அடுத்து, வீழ்த்தும் முறை. தரவுத்தளத்தின் ஓட்டத்தை மாத்திரம் கட்டளையொன்றினால் நிறுத்துவது எளிது. பலரும் அதனையே செய்வர். ஆனால் அவ்வாறு நிறுத்தும்போது இயக்குதளம் உயிருடன் இருக்கின்றது. அதன் கையில் இருந்த எழுத்துகள் யாவும் பின்னர் வட்டுக்குச் சென்று சேர்ந்துவிடும். ‘எஃப்சிங்க்’ கட்டளையை எவரேனும் மறந்திருந்தாலும் அச்சோதனையில் அது வெளிப்படாது. இயக்குதளத்தோடு சேர்த்து வீழ்த்தினால் அக்குறை தெரியும். ஆயினும் வட்டின் உள்நினைவகத்துக்கு மின்சாரம் இருந்துகொண்டேயிருக்கும். மின்சாரத்தையே துண்டித்தால்தான் வட்டும் சோதனைக்கு உள்ளாகும். மூன்றும் வெவ்வேறு வினாக்களுக்கு விடை தருவன. முதலாவதில் தேறியதைக் கொண்டு மூன்றாவதிலும் தேறும் என்று சொல்லுதல் தகாது.

எந்தக் கணத்தில் வீழ்த்துவது? கண்ட கண்ட நேரத்தில் ஆயிரம் முறை வீழ்த்தினாலும், ஆபத்தான அந்த ஒரு நுண்கணம் அகப்படாமலே போகலாம். எஸ்கியூலைட் என்னும் தரவுத்தளத்தை எடுத்துக்கொள்வோம். றிச்சட் ஹிப் என்பவர் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய இது, கைத்தொலைபேசிகளிலும் இணைய உலாவிகளிலும் இன்று எங்கும் பரந்திருக்கின்றது. இதன் பரிசோதனைகளில் எழுத்துத் தவறுகளைச் செயற்கையாக ஊட்டும் முறையொன்று உண்டு. முதல் வட்டுச் செயல் தவறுமாறு செய்து பார்ப்பர், பின் இரண்டாவது தவறுமாறு, பின் மூன்றாவது. இவ்வாறு, ஒரு தவறும் குறுக்கிடாமல் வேலை முடியும் வரை ஒவ்வொரு படியிலும் தவற்றை நட்டுச் செல்வர். மின்வெட்டுக்கு வேறொரு முறை உண்டு. வட்டுக்கும் தரவுத்தளத்துக்கும் இடையே ஒரு போலி அடுக்கை வைத்து, வீழ்ச்சியின்போது, நிலைப்படுத்தப்படாத எழுத்துகளை அது வரிசை மாற்றியும், சிலவற்றை விட்டும், சிலவற்றைச் சிதைத்தும் வைக்கும். பின்னர் தரவுத்தளத்தைத் திறந்து, கொடுக்கல் வாங்கல் முழுமையாக நிகழ்ந்ததா அல்லது முழுமையாக நீங்கியதா என்று பார்ப்பர்.

இந்தப் போலி அடுக்கின் பயன் பெரிது. கடைசி ‘எஃப்சிங்க்’ கட்டளைக்குப் பின் பத்து எழுத்துகள் நிலைப்படாமல் நின்றன என்று கொள்வோம். அவற்றுள் எவை வட்டை அடைந்திருக்கும், எவை அடைந்திரா என்பதற்கு 1,024 வகைகள் உண்டு. உண்மையான மின்வெட்டு ஒன்று அவற்றுள் ஒரு வகையை மாத்திரமே காட்டும். போலி அடுக்கோ, வேண்டிய வகையைத் தெரிந்தெடுத்துக் காட்டும். பிழை கண்டால் அதே வகையை மறுநாளும் காட்டும். ஒரு முறை தோன்றி மறைந்த பிழையைத் திருத்துதல் அரிது. மீண்டும் மீண்டும் அழைத்தால் வரும் பிழையே திருத்தத்தக்கது.

இத்தகைய ஆராய்ச்சிகள் கண்டவை யாவை? 2013ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆராய்ச்சியொன்றில், அசையும் உறுப்பற்ற நிலைவட்டுகள் 15 மின்வெட்டுக்கு உட்படுத்தப்பட்டன. அவற்றுள் 13 எதிர்பாராத குறைகளைக் காட்டின. 2014ஆம் ஆண்டில், பரவலாக வழங்கும் தரவுத்தளங்கள் எட்டினை அதே நெறியில் ஆராய்ந்தபோது, எட்டிலுமே பிழையான நடத்தை காணப்பட்டது. இலவசமாகக் கிடைப்பவையும், பெரும் விலைக்கு விற்கப்படுபவையும் அவ்வெட்டினுள் அடங்கியிருந்தன. அதே ஆண்டில் விஸ்கொன்சின் மாடிசன் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் பதினொரு மென்பொருள்களை ஆராய்ந்து, வீழ்ச்சியின்போது கேடு விளையக்கூடிய 60 இடங்களைக் கண்டனர். ஒரு கோப்பகமுறையில் நன்றாக இயங்கியது இன்னொன்றில் தவறியதற்கு, எழுத்துகள் வட்டை அடையும் வரிசை வேறுபட்டமையே பெருங்காரணம். இவற்றை எழுதியவர்கள் அசட்டையானவர்கள் அல்லர், தேர்ந்த பொறியியலாளர்கள். அவர்களிடமும் இத்தனை குறைகள் தங்கின என்றால், பரிசோதியாத நம்பிக்கைக்கு இத்துறையில் இடமில்லை என்பது போதரும்.

இனி, இரட்டிப்பைப் பற்றிச் சிறிது தனியே கூறுதல் வேண்டும். தரவுத்தளம் தன் கடமையை வழுவின்றிச் செய்தாலும் இரட்டிப்பு நேரலாம். கருமபீடத்து இலிகிதருக்கு விடை வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். அவர் என்ன செய்வார்? மறுபடியும் விசையைத் தட்டுவார். முதல் முறை உண்மையிற் பதிந்திருந்தால், இப்போது 10,000 ரூபா மாறிவிடும். இது தரவுத்தளத்தின் பிழையன்று. கேட்கும் முறையின் பிழை. இதற்கு மருந்து, ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் ஒரு தனி இலக்கம் இடுவதே. மறுபடியும் அனுப்பும்போது அதே இலக்கத்தோடு அனுப்பினால், ‘இது முன்னரே பதிந்தது’ என்று தரவுத்தளம் அறிந்து, பணத்தை மாற்றாமல் பழைய விடையையே திருப்பித் தரும்.

இங்கும் ஒரு கண்ணி இருக்கின்றது. அந்த இலக்கத்தை எழுதுவதும் பணத்தை மாற்றுவதும் ஒரே கொடுக்கல் வாங்கலாக நிகழ்தல் வேண்டும். தனித்தனியே நிகழுமாயின், இரண்டுக்கும் இடையில் மின்சாரம் நிற்கலாம். இலக்கம் முதலில் எழுதப்பட்டிருந்தால் பணம் மாறாமலேயே ‘முன்னரே பதிந்தது’ என்னும் விடை வரும்; அது இழப்பு. பணம் முதலில் மாறியிருந்தால் மறுமுறையும் மாறும், அது இரட்டிப்பு. ஆகவே, நல்ல பரிசோதனையில் சாட்சியானது விடை வராத பதிவுகளைத் தரவுத்தளம் மீண்டெழுந்த பின் அதே இலக்கத்தோடு மறுபடியும் அனுப்பும். அதன் பின் இரண்டாவது குவியல் மறைந்துவிடும். அனுப்பிய யாவும் ஒரே ஒரு முறை இருத்தல் வேண்டும் என்னும் கடுமையான விதியே எஞ்சும். மீட்சி நடைபெறும் வேளையிலேயே இரண்டாம் முறை வீழ்த்திப் பார்த்தலும் மறக்கத்தகாதது. மின்சாரம் ஒரு முறை நின்ற இடத்தில் சில நிமிடங்களில் மறுமுறையும் நிற்பது உலக வழக்கு.

ஒன்று எஞ்சியிருக்கின்றது: பரிசோதனையையே பரிசோதித்தல். ஆயிரம் முறை வீழ்த்தியும் ஒரு பிழையும் தோன்றவில்லை என்றால், தரவுத்தளம் நல்லது என்பது ஒரு பொருள். பரிசோதனை குருடு என்பது மற்றொரு பொருள். எது உண்மை என அறிய ஒரு வழி உண்டு. போஸ்ட்கிறெஸ் தரவுத்தளத்தில் ‘எஃப்சிங்க்’ கட்டளையை நிறுத்திவைக்கும் ஏற்பாடு இருக்கின்றது. வேண்டுமென்றே அதனை நிறுத்திவிட்டு மின்சாரத்தைத் துண்டித்துப் பார்த்தல் வேண்டும். பலமுறை துண்டித்தும் அப்போதும் ‘யாவும் நலம்’ என்றே பரிசோதனை சொல்லுமாயின், அது இதுவரை சொன்ன நற்சான்றுகள் ஒன்றுக்கும் மதிப்பில்லை. தெரிந்து வைத்த பிழையைக் கண்டுபிடிக்க இயலாத பரிசோதனை, தெரியாத பிழையைக் கண்டுபிடிப்பது எங்ஙனம்?

பரிசோதனையினால் பிழை உண்டு என்று காட்டலாம். பிழை அறவே இல்லை என்று காட்ட இயலாது. ஆயினும், முறையாக வீழ்த்தி முறையாக எண்ணிப் பார்க்கப்பட்ட தரவுத்தளத்துக்கும், ஒருபோதும் வீழ்த்திப் பார்க்கப்படாத தரவுத்தளத்துக்கும் உள்ள வேறுபாடு பெரிது. முன்னையது எங்கே தவறும் என்று ஓரளவு அறியப்பட்டது. பின்னையது, தவறும் நாள் வரை நம்பப்படுவது. மென்பொருள் மாறும்போதும், வட்டு மாறும்போதும், இயக்குதளம் மாறும்போதும் இப்பரிசோதனையைப் புதுக்கிச் செய்தல் வேண்டும். நேற்றைய நற்சான்று இன்றைய வட்டுக்கு ஆகாது.

மின்சாரம் நின்று வந்த அந்த வங்கியிலே, தந்தை கேட்கப்போவது ஒன்றே: ‘என் மகனுக்குப் பணம் போய்ச் சேர்ந்ததா?’ இலிகிதர் திரையைப் பார்த்து, ‘சேர்ந்தது, ஐயா, ஒரு முறைதான் சேர்ந்தது’ என்று தயங்காமற் சொல்லுதல் வேண்டும். அவர் தயங்காமற் சொல்வதற்காக, எங்கோ ஓர் அறையில் யாரோ ஒருவர் அதே பொறியைப் பல்லாயிரம் முறை வீழ்த்தி, ஒவ்வொரு முறையும் இலக்கங்களை எண்ணிப் பார்த்திருத்தல் வேண்டும்.